மச்சானின் துவக்கில் வெட்டிய புரி

டொக்டர் என் மச்சானை முதல் நாளே ‘நீ’ என்று கூப்பிட்டார். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

தமிழில் ஒருவர் எங்களை ‘நீங்கள்’ என்றால் அது மரியாதை. ஜேர்மன் வேட்டைக்காரர்களுக்கு நடுவில் ‘நீங்கள்’ என்றால் வீட்டு வாசல் படலையோடு நிற்பாட்டி வைத்துக் கதைப்பது போன்றது. நான்கு வருடங்கள் நான் படலையோடுதான் நின்றேன். அந்த நான்கு வருடமும் குளிர்கால வேட்டைகளில் கையில் தடியோடு பற்றைகளைத் தட்டி மிருகங்களைக் கிளப்பிவிட்டவன் நான். டொக்டருடைய மரப் பரண்களில் உக்கிப்போன படிகளை மாற்றியவன் நான். ஒரு பரணுக்கு இரும்பில் ஏணியே ஒட்டிக் கொடுத்தேன். “மிக்க நன்றி, நீங்கள் பெரிய உதவி செய்தீர்கள்” என்று கைகுலுக்குவார். அவ்வளவுதான்.

டொக்டர் என்றால் மிருக வைத்தியர். ஓய்வு பெற்றுவிட்டார். ஹம் நகரத்துக்கு வெளியே, கால்வாயைத் தாண்டி, கொஞ்சக் காடும் நிறைய வயலுமாக ஒரு வேட்டை நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்தார். இந்த நாட்டில் பரீட்சை எழுதி வேட்டை அனுமதி எடுத்தால் மட்டும் போதாது. மிருகத்துக்கு வெடி வைக்க நிலம் வேண்டும். நிலம் இல்லாதவன், குத்தகைக்காரர் யாராவது கையெழுத்துப் போட்டுத் தரும் ஒரு சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தச் சீட்டு இருந்தால் வருடம் முழுக்க அவருடைய நிலத்துக்குள் போகலாம், பரணில் இருக்கலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை. டொக்டரிடம் ஒரேயொரு சீட்டு மிச்சம் இருந்தது. அது எனக்குக் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்று எழுதினால் பொய். அது என்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவிக்கு இந்த வேட்டை விசயம் ஒருநாளும் பிடித்ததில்லை. “துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாடு விட்டு நாடு ஓடி வந்த ஆக்கள், இஞ்ச வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கிறியளோ?” என்று முதல் நாளே கேட்டாள். நான் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை செய்கிறவன். இருபத்திரண்டு வருடமாக இரும்புத் தண்டுகளைக் கடைந்து கடைந்து, மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் விரல் நுனியில் தெரியும் அளவுக்கு வந்துவிட்டேன். ஆனால் தொழிற்சாலையில் வேட்டைக்குப் போகிற நாலைந்து ஜேர்மன்காரர் மத்தியான வேளையில் ஒரு மேசையில் இருப்பார்கள், நான் வேறு மேசையில் இருப்பேன். எனக்கு அந்த மேசையில் இருக்க வேண்டும் போலிருந்தது. மனைவியிடம் மட்டும், சுத்தமான மான் இறைச்சி கிடைக்கும் என்று சொன்னேன். “வெள்ளிக்கிழமையில சுட்டுக்கொண்டு வந்தால் வீட்டுக்குள்ள ஏத்த மாட்டன்” என்றாள். அந்த அளவுக்குச் சம்மதம்.

மச்சான் அவளுடைய கடைசித் தம்பி. எனக்குப் பத்து வருடம் பிந்தி ஜேர்மனிக்கு வந்தவன், எனக்கு முந்தி ஜேர்மன் மொழி பிடித்தவன். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலை. அவன் லீவில் போனால் அங்குள்ள கிழவிகள் சாப்பிட மாட்டோம் என்று அடம்பிடிப்பார்களாம். வீட்டிலும் அதே கதைதான். தம்பி வந்தால் நண்டுக் குழம்பு, நான் வந்தால் நேற்றையப் பருப்பு. அவன் வேட்டைப் பரீட்சை எழுதியதும் என்னால்தான். தனியே வகுப்புக்குப் போக அலுப்பாக இருக்கிறது, நீயும் வா என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அவன் முதல் தடவையே சித்தியடைந்தான். நான் செடி கொடிகளின் பெயரில் கோட்டை விட்டு, இரண்டாம் தடவைதான் தாண்டினேன். அவன் என் தோளில் கை போட்டு, “அத்தான் இல்லாட்டி நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டன்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். அது பெரிய கொடுமை. அவன் கொஞ்சம் திமிர்பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அவனை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும் நானேதான். ஒரு மாலைநேரம். போன அரை மணித்தியாலத்தில் இரண்டு பேரும் டொக்டருடைய தாயாரின் மறதி நோயைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். டொக்டரின் கண் கலங்கியிருந்தது. திரும்பும்போது மச்சானின் முதுகில் தட்டி, “நீ எப்போது வேண்டுமானாலும் வா” என்றார். என்னைப் பார்த்து, “நீங்களும்தான்” என்றார்.

அந்தக் குளிர்காலம் முடிகிற நேரத்தில் டொக்டர் ஒரு புது நிபந்தனை போட்டார். நிலத்துக்குப் பக்கத்தில் குதிரைகள் வளர்க்கிற ஒரு பண்ணை இருக்கிறது. வெடிச் சத்தத்தில் குதிரைகள் மிரண்டு வேலியைப் பாய்ந்ததாகப் பண்ணைக்காரி முறையிட்டாளாம். இனிமேல் துவக்கில் சைலன்சர் பூட்டாதவர் யாரும் அந்தப் பக்கப் பரணில் இருக்க முடியாது. கடைசியில் இதையும் சொன்னார்: “மே மாதத்தில் நீங்கள் இருவரும் ஆளுக்கொரு ஆண்மான் சுடுங்கள். வேலை எப்படி என்று பார்த்து, சீட்டை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறேன்.”

மச்சானின் துவக்கு பழையதாக வாங்கியது. வாங்கும்போதே குழல்வாயில் சைலன்சரைத் திருகிப் பூட்டுவதற்கான புரி வெட்டியிருந்தது, பதினைந்து மில்லிமீற்றர் புரி. அவன் போய் அதற்கேற்ற ஒரு சைலன்சர் வாங்கினான். கறுப்பு நிறம், கைக்கு அடக்கமானது, பார்க்கவே அழகு. அவன் அதைப் பூட்டிக் காட்டிய அடுத்த நாளே நானும் போய் அதே சைலன்சரை, அதே பதினைந்து மில்லிமீற்றரில் வாங்கி வந்தேன். என்னுடைய துவக்கில் புரியே கிடையாது. அதனால் என்ன, வெட்டுவித்தால் போச்சு என்று நினைத்தேன். காலையிலிருந்து மாலைவரை பொக்கெற்றில் அளவுகோல் வைத்துக்கொண்டு திரிகிறவன் என் துவக்கின் குழலை ஒருதரம் அளந்து பார்க்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

புரி வெட்டும் வேலையை நானே என் லேத்தில் அரை மணித்தியாலத்தில் செய்திருப்பேன். சட்டம் விடாது. உரிமம் பெற்ற துவக்குப் பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். பக்கத்துச் சிறு நகரத்தில் அப்படி ஒரு பட்டறை இருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, தலைமயிரை ஒட்ட வெட்டியவர், தனியாளாக நடத்தினார். என் துவக்கை வாங்கி, குழல்வாயை அளந்தார். பிறகு சைலன்சரை அளந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று சொன்னீர்கள்?”

“லேத்.”

“உங்கள் குழல்வாய் பதினாலே கால் மில்லிமீற்றர். பதினைந்து மில்லிமீற்றர் புரியை எதில் வெட்டச் சொல்கிறீர்கள், காற்றிலா?”

என் காது சூடேறியது. என்னுடையது மலை ஏறுகிறவர்களுக்காகச் செய்த இலேசான துவக்கு, குழல் மெல்லியது. அந்தப் பெண்மணி பொறுமையாக விளக்கினார். சிறிய புரியுள்ள வேறு சைலன்சர் வாங்கினால் பிரச்சினையே இல்லை. இல்லாவிட்டால் குழலை முன்பக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு வெட்டி எறிய வேண்டும், உள்ளே போகப் போகத்தான் குழல் தடிக்கிறது. வெட்டினால் குறிபார்க்கிற முன்குறி போய்விடும், ரவையின் வேகமும் குறையும். நல்ல துவக்கை ஏன் பழுதாக்குகிறீர்கள் என்று கேட்டார். எனக்கு அந்தக் கறுப்புச் சைலன்சர்தான் வேண்டும். மச்சானிடம் அது இருக்கும்போது நான் வேறொன்றோடு போய் நிற்பதா? “வெட்டுங்கோ” என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

அதோடு விட்டேனா? வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவருக்கே பாடம் எடுத்தேன். குழலின் வெளிப்பக்கத்தை நன்றாக இறுக்கிப் பிடித்துக் கடைந்தால் எல்லாம் நேராக வரும், நான் எத்தனை ஆயிரம் தண்டு கடைந்திருக்கிறேன் என்றேன். கொல்லன் தெருவில் ஊசி விற்றேன் என்று சொல்ல வேண்டும். அவர் ஒரு பழைய குழலை எடுத்துத் துளைக்குள் ஒரு கம்பியை விட்டு, அந்தத் துளையை மையமாக வைத்துச் சுற்றினார். குழலின் வெளிப்பக்கம் நொண்டி நடப்பதுபோல ஏறி இறங்கியது.

“துளை ஒரு பக்கம் இருக்கும், வெளித்தோல் ஒரு பக்கம் இருக்கும். வெளியைப் பிடித்துக் கடைந்தால் புரி துளைக்குச் சரிந்து நிற்கும். சைலன்சர் தோளில் ஒரு பக்கம் மட்டும் உட்காரும். ரவை போகிற வழியில் சைலன்சரின் உள்சுவரை உரசும். நல்ல காலம் என்றால் குறி தவறும். கெட்ட காலம் என்றால் சைலன்சர் பிய்ந்து பறக்கும். உங்கள் தண்டுகளுக்குள்ளால் ஒன்றும் பறந்து போவதில்லை, அதுதான் வித்தியாசம்.”

தோள் என்பது புரி முடிகிற இடத்தில் குழலில் இருக்கும் சிறு விளிம்பு. சைலன்சர் அதில் சுற்றிவர ஒரே சீராகப் போய் ஒட்ட வேண்டும். அன்று மூக்கறுபட்டுத்தான் வந்தேன். ஆனால் அவர் காட்டியது என் கண்ணில் பதிந்துவிட்டது. அதை நான் மறக்கவில்லை என்பது இந்தக் கதைக்கு முக்கியம்.

பட்டறையில் வரிசை, அதற்குப் பிறகு அரசாங்கப் பரிசோதனை. இங்கே குழலில் கைவைத்தால், கூடுதல் வெடிமருந்து வைத்த ரவையை அதற்குள் வெடிக்க வைத்துப் பார்த்து முத்திரை குத்திய பிறகுதான் திருப்பித் தருவார்கள். ஏப்ரல் போனது. மே வந்தது. தொலைபேசியில் கேட்டால், “இன்னும் முத்திரை வரவில்லை” என்பார் அந்தப் பெண்மணி. வயல் ஓரமெல்லாம் மான்கள் மேய்கிற மாதம், வீட்டில் துவக்கில்லாமல் சைலன்சரை மட்டும் வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன்.

மச்சான் வந்தான். “அத்தான், என்ர துவக்கைக் கொண்டு போங்கோ. இரவல் எண்டு ஒரு பேப்பர் எழுதித் தாறன், சட்டப்படி ஏலும். முதல்ல நீங்க சுடுங்கோ, பிறகு நான் போறன்.”

“எனக்கு ஒருத்தற்ற துவக்கும் வேண்டாம்” என்றேன்.

அவனுக்கு முகம் சுருங்கியது. மனைவி என்னை முறைத்தாள். அவனுடைய துவக்கால் சுட்டுச் சீட்டு வாங்குவதைவிட வாங்காமலே விடலாம் என்று பட்டது. அப்படியும் இல்லை. அவன் விட்டுக்கொடுத்து நான் வாங்கினால், அது ஆயுள் முழுக்க அவன் தந்ததாக இருக்கும். அதைத் தாங்க எனக்கு ஏலாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் துவக்கோடு திரும்பவும் வந்தான். சூட்டுத் திடலில் பயிற்சி முடித்துவிட்டு நேரே வந்திருந்தான்.

“அத்தான், ஒருக்கா இதைப் பாருங்கோ. சைலன்சர் இல்லாமல் வைச்சா வெடியெல்லாம் ஒரே இடத்தில விழுது. பூட்டிப்போட்டு வைச்சா அஞ்சு வெடியும் அஞ்சு இடத்தில. அங்க நிண்டவங்கள் பட்டறையில காட்டு எண்டு சொன்னாங்கள். வீட்டுக்குள்ள லேத்காரர் இருக்க நான் ஏன் வெளியில காட்டுவான்?”

இது எங்கள் ஆட்களின் பழக்கம். குடும்பத்தில் ஒருவன் மின்சார வேலை தெரிந்தவன் என்றால், மின்குமிழ் மாற்றவும் அவனைத்தான் கூப்பிடுவோம். வெளியாளைக் கூப்பிட்டால் அது அவனுக்கு அவமரியாதை. மச்சான் எனக்கு மரியாதை செய்ய வந்திருந்தான்.

நிலவறையில் என் வேலை மேசைக்குக் கொண்டு போனேன். அவன் பக்கத்தில் நின்றான். சைலன்சரைக் கழற்றினேன். விளக்கைக் கிட்டப் பிடித்தேன். வேறு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. குழலின் தோளில் ஒரு பக்கம் நகத்தின் பிறைபோலப் பளபளவென்று தேய்ந்திருந்தது. மற்றப் பக்கம் புகைக் கரி. சைலன்சர் ஒரு பக்கம் மட்டும் தொட்டுக்கொண்டு, மற்றப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. புரி சரிந்திருந்தது. பட்டறைப் பெண்மணி சொன்ன அதே பிழை.

சொல்ல வேண்டிய வசனம் வாய்க்குள் வந்து நின்றது. தம்பி, இதைப் பூட்டி வெடி வைக்காதை, நாளைக்கே பட்டறையில குடு. அவ்வளவுதான். அவன் துவக்கும் பட்டறைக்குப் போகும், அவனும் மே மாதத்தை இழப்பான், இருவரும் சமம். பொறாமைக்காரனுக்குக்கூட அதில் லாபம் இருந்தது, பாருங்கள். அதைக்கூட யோசிக்காத அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டிருந்தது.

அப்போது மேலே குசினியிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. “தம்பி, வந்து சாப்பிடன். நண்டு ஆறப்போகுது.”

தம்பியை மட்டும்தான் கூப்பிட்டாள். நானும் அதே நிலவறையில்தான் நின்றேன்.

“ஒண்டும் இல்லை” என்றேன். “சைலன்சர் புதுசில அப்பிடித்தான். பத்திருபது வெடியில பதிஞ்சிரும். நல்லா இறுக்கிப் பூட்டு.”

“நான் பயந்திட்டன் அத்தான். நீங்க சொன்னாச் சரி.” அவன் துவக்கை உறையில் போட்டுக்கொண்டு படியேறினான். நான் கொஞ்ச நேரம் கீழேயே நின்று, துடைக்கத் தேவையில்லாத மேசையைத் துடைத்தேன். அவன் குறி தவறி வெட்கப்பட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். மான் அசையாமல் நிற்க, இவன் மரத்தில் சுட, டொக்டர் சிரிக்க. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. சைலன்சர் பிய்ந்து பறந்தால் அவன் முகத்துக்கு என்ன ஆகும் என்பதையும் யோசிக்கவில்லை என்று எழுத ஆசை. ஒருதரம் யோசித்தேன். யோசித்துவிட்டு மேலே போய் மிச்ச நண்டைச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மச்சான் அழுகிற குரலில், “அத்தான், பிழைச்சுப் போச்சு. காயத்தோட ஓடிட்டுது. வாங்கோ” என்றான்.

வேலைக்குச் சுகமில்லை என்று அறிவித்துவிட்டுப் போனேன். டொக்டர் அங்கே நின்றார். மோப்ப நாயோடு ஒருவரை வரவழைத்திருந்தார். காயப்பட்ட மிருகத்தைத் தேடாமல் விடுவது இங்கே பெரும் பாவம், சட்டமும் அப்படித்தான். வயல் ஓரத்துப் புல்லில் கொஞ்சம் இரத்தமும், மயிரும், எலும்புத் துணுக்கும் கிடந்தன. பின்னங்காலில் பட்டிருக்கிறது என்றார் நாய்க்காரர். நாய் மூக்கை நிலத்தில் வைத்து இழுக்க, நாங்கள் நால்வரும் பின்னால் போனோம். முட்பற்றை, வாய்க்கால், பக்கத்துக் குத்தகைக்காரரின் காடு. ஒவ்வொரு தடவை இரத்தத் துளி தெரியும்போதும் மச்சான் ஒரு கணம் நின்று பார்த்தான். மூன்று மணித்தியாலம் ஆனது. ஒரு பன்னச்செடிப் புதருக்குள் மான் கிடந்தது. எங்களைக் கண்டதும் முன்னங்கால்களால் எழும்பப் பார்த்தது. நாய்க்காரர் முடித்துவைத்தார்.

இப்படித் தேடிப் பிடித்தாலும் சடங்கை விடமாட்டார்கள். நாய்க்காரர் ஒரு சிறு மரக்கிளையை முறித்து, மானின் இரத்தத்தில் தொட்டு, தொப்பியில் வைத்து மச்சானிடம் நீட்டினார். மச்சான் வழக்கப்படி அதில் ஒரு துண்டை முறித்து, நாய்க்கென்று திருப்பிக் கொடுத்தான். நாய்க்காரர் அவன் தோளைப் பிடித்து ஏதோ ஆறுதல் சொன்னார். அந்த நேரத்திலும், இவனுக்குத்தான் எங்கே போனாலும் ஒரு ஆள் தோளைப் பிடிக்கிறது என்று என் மனம் சொன்னது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

டொக்டர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. எண்பது மீற்றர்கூட இல்லை, மான் நின்றுகொண்டிருந்தது, இதில் எப்படிக் காலில் படும் என்று கேட்டார். “துவக்கைச் சரிபார்த்தாயா?”

“பார்த்தேன்” என்றான் மச்சான். “அத்தானிடம் காட்டினேன். அவர் லேத் வேலைக்காரர். துவக்கில் பிழை இல்லை. பிழை என்னுடையது, நான் அவசரப்பட்டுவிட்டேன்.”

டொக்டர் என்னைப் பார்த்தார். அவர் பார்த்த நேரம் நீளமானது. ஒரு வசனத்துக்கு மட்டுமல்ல, நாலைந்து வசனத்துக்கு இடம் இருந்தது. நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

பட்டறைத் தாமதத்தை டொக்டர் பொறுத்துக்கொண்டார். ஜூன் தொடக்கத்தில் என் துவக்கு வந்தது. குட்டையாக, முத்திரையோடு. கறுப்புச் சைலன்சரைப் பூட்டிப் பார்த்தேன். புரி ஊசி நுழைய இடமில்லாமல் பொருந்தியது. இரண்டாம் நாளே ஒரு ஆண்மானைச் சுட்டேன், நின்ற இடத்தில் விழுந்தது. டொக்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தந்து, “நீ பொறுமைசாலி” என்றார். நான்கு வருடம் ஏங்கிய ‘நீ’. கேட்டபோது நாக்கில் உப்பும் இல்லை புளியும் இல்லை.

மச்சான் அதற்குப் பிறகு வேட்டைக்கு வரவில்லை. ஒருநாள் மனைவி சொன்னாள், “தம்பி துவக்கை விக்கப்போறானாம். சனிக்கிழமை ஆரோ பாக்க வருகினம். அந்த மான் எழும்பப் பாத்தது கனவில வருதாம்.” எனக்கு மானைவிட முதலில் நினைவு வந்தது சனிக்கிழமைதான். வருகிறவன் கொஞ்சம் விசயம் தெரிந்தவன் என்றால் சைலன்சரைக் கழற்றுவான், தோளைப் பார்ப்பான், கேட்பான். அன்றைக்கே மச்சானுக்குத் தொலைபேசி எடுத்து, துவக்கை நானே வாங்குகிறேன் என்றேன்.

“உண்மையாவோ அத்தான்? உங்களிட்டப் போனா எனக்குச் சந்தோசம்” என்றான்.

துவக்கு என் பெட்டகத்துக்கு வந்தது. அப்படியே வைத்திருக்கவும் பயமாக இருந்தது. சரிந்த புரியை வெட்டி எறிந்து புதிதாக வெட்டிவிட்டால் ஒரு தடயமும் இராது. பட்டறைப் பெண்மணியிடம் நாள் குறித்து டேர்மின் எடுத்தேன். போக வேண்டிய நாளில் என் கார் ஸ்ரார்ட் ஆகவில்லை. மனைவி தம்பிக்குச் சொல்லிவிட்டாள். அவன் வேலை முடிந்த கையோடு வந்து, “வாங்கோ, நான் கொண்டுபோய் விடுறன். துவக்கையும் கடைசியா ஒருக்காப் பாப்பம்” என்றான். என்ன சொல்லி மறுப்பது?

பட்டறையில் அவன் எனக்குப் பக்கத்தில் நின்றான். புரி கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, புதிதாக வெட்ட வேண்டும் என்று ஏதோ சொல்லி வைத்தேன். அந்தப் பெண்மணி சைலன்சரைக் கழற்றினார். தோளைப் பார்த்தார். துளைக்குள் நீளமான நேர்க்கம்பி ஒன்றை விட்டு, சைலன்சரைத் திரும்பப் பூட்டினார். கம்பி சைலன்சரின் வாயில் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு நின்றது. குனிந்து உள்ளே விளக்கடித்தார்.

“இது தேய்மானம் இல்லை” என்றார். “யாரோ வெளிப்பக்கத்தைப் பிடித்து வெட்டியிருக்கிறார்கள். ரவை உள்ளே உரசியிருக்கிறது, இதோ தடம். இதால் சுட்டவர் கையும் முகமுமாக இருப்பதே பெரிய விசயம்.” பிறகு என்னிடம் திரும்பினார். “முன்பு இது யாருடையது? இப்படி ஒரு துவக்கால் எவ்வளவு நல்ல வேட்டைக்காரரும் குறி வைக்க முடியாது. பயிற்சிக்கு வந்த முதல் வருடப் பிள்ளைகூட ஒரு பார்வையில் கண்டுபிடிக்கும் பிழை.”

மச்சான் மேசையில் இருந்த துவக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அவன் நிமிர்ந்து, என் கையைத் தொட்டு, மெல்லத் தமிழில் சொன்னான்.

“நிலவறையில வெளிச்சம் காணாது அத்தான். நீங்க அண்டைக்குக் கண்ணாடி போடாமல் பாத்திருப்பியள்.”

எனக்கு வெளியே போக ஒரு வழி செய்து, கதவையும் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். ‘ஓம்’ என்ற ஒரு சொல்லோடு அந்தக் கதை முடிந்திருக்கும். சீட்டும் இருக்கும், துவக்குகள் இரண்டும் இருக்கும், மச்சானும் இருப்பான். ஆனால் அவன் அப்படித் தந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் பொய்யைக்கூட அவனிடமிருந்து வாங்குவதா?

“இல்லை” என்றேன். “கண்ணாடி போட்டிருந்தனான்.”

அந்தப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. அவர் பாட்டுக்குப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். மச்சான் கையை எடுத்தான். நான் அவன் கேட்கப்போகும் கேள்விக்காக நின்றேன். ஏன் அத்தான், நான் உங்களுக்கு என்ன செய்தனான் என்று கேட்பான். அதற்குப் பதில் இருந்தது. டொக்டரைச் சொல்லலாம், பரீட்சையைச் சொல்லலாம், நண்டைச் சொல்லலாம், பொறாமை என்று ஒரே சொல்லில் சொல்லி அவன் காலில்கூட விழுந்திருக்கலாம்.

“அப்ப அந்த மான்” என்றான், “அந்த மூண்டு மணித்தியாலமும் சும்மாவோ வலியில துடிச்சது?”

சீட்டை அடுத்த நாளே டொக்டரிடம் கொண்டுபோய் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அதைச் செய்வது கஷ்டமாக இருக்கவில்லை. ஆனால் பட்டறையில் நின்ற அந்தக் கணத்தில், இப்படி ஒரு கேள்வி எனக்கு வராமல் இவனுக்கு மட்டும் எப்படி வந்தது என்று முதலில் அவன்மேல் எரிச்சல்தான் வந்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.